பழைய தேக்கில் பேஸ் கிதார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் கதவுகளும் உத்தரத் துண்டுகளும் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. வைரம் பாய்ந்த பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று சத்தம் வரும். வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. ஒரு கதவுப் பலகையை வாங்கிவந்து என் முதல் பேஸ் கிதாரைச் செய்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றே மாதத்தில் நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) வில்லாக வளைந்து, 12-ஆம் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்ற உலோகப் பட்டை) கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது.

அதற்குப் பிறகு செய்தவற்றிலும், நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றிலும் நான் கண்டது ஒன்றுதான். மரம் நல்ல மரம் என்ற நம்பிக்கையில் அளவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நூறு வருடத் தேக்காகவே இருந்தாலும், 2 மில்லிமீட்டர் தள்ளி வைத்த பிரிட்ஜை (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகத் துண்டை) அது சரிசெய்யாது.

முதலில் கம்பியின் இழுவை. 34 அங்குல ஸ்கேல் நீளத்தில் (அதிரும் கம்பியின் நீளம்) வழக்கமான நான்கு கம்பிகளை (பருமன் ஆயிரத்தில் 45 முதல் 105 அங்குலம் வரையிலான செட்) சுருதிக்கு ஏற்றினால் நெக்கின் மேல் விழும் மொத்த இழுவை சுமார் 80 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கிதாருக்கு நெக் செய்து பழகியவர்கள்கூட இங்கேதான் ஏமாறுகிறார்கள். என் முதல் நெக்கில் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் புதைத்து, திருகி வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) கிடையாது. “தேக்கு வளையாது தம்பி, உத்தரமே தாங்குது” என்றார் ஆசாரி. அவர் சொன்னது உத்தரத்துக்குச் சரி. உத்தரம் பருமனானது. பேஸ் நெக்கின் பருமனோ இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் இருபுறமும் திருப்பக்கூடிய ட்ரஸ் ராடை வைத்தே ஆக வேண்டும். அதற்கான பள்ளத்தை ராடின் அகலத்துக்குச் சரியாக எடுங்கள். பள்ளம் பெரிதானால் ராட் உள்ளே ஆடும், வாசிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும்.

நெக்கை ஒரே பலகையில் வெட்டுவதும் தவறுதான். மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையின் ரேகை மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் ஓடும்படி ஒட்டினால், ஒன்று முறுக்கிக்கொள்ளப் பார்க்கும்போது மற்றது தடுக்கும். ஒட்டும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அறுத்து ஒரு வாரம் கிடந்த முகத்தில் அப்படியே ஃபெவிகால் தடவினால் ஒட்டியது போல் இருக்கும், ஒரு கோடையில் பிரிந்துவிடும். ஒட்டுவதற்குச் சற்று முன்பு இழைத்துப் புது முகம் எடுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் பசை தடவி கிளாம்ப் போடுங்கள். ஒரு நாள் முழுக்க அதைத் தொடாதீர்கள்.

பழைய பலகையில் ஆணி இருக்கும். தலை துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே மட்டும் நிற்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது. இழைப்பு மெஷினில் விடுவதற்கு முன் ஒரு நல்ல காந்தத்தைப் பலகை முழுக்க மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிளேடு போவதுகூடப் பரவாயில்லை, தெறித்து வரும் துண்டு கண்ணில் பட்டால் என்ன செய்வது? பழைய கதவுகளில் பெயின்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பாமல், ஈரமாக்கித் தேய்த்து எடுங்கள். மாஸ்க் இல்லாமல் தேக்குத் தூளிலோ ஈட்டி மரத் தூளிலோ வேலை செய்யவே கூடாது. இரண்டும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாதவை.

அடுத்தது ஃப்ரெட் அளவு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், சறுக்கினால் திருத்தவும் முடியாது. நம் ஊர்ப் பெயரை வீணையோடு சேர்த்துச் சொல்ல வைத்தவர்கள் சுப்பராம அய்யர், சாம்பசிவ அய்யர் சகோதரர்கள். அந்த வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். பேஸ் கிதாரில் ஃப்ரெட்டை மரத்தில் அடித்து இறக்குகிறோம். இறக்கிய பின் அது நகராது.

கணக்கு எளிது. முதலில் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு), பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டிலிருந்தும், பிரிட்ஜ் வரை மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம் கிடைக்கும். 34 அங்குலம் என்பது 863.6 மில்லிமீட்டர். நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.47, இரண்டாவது 94.22, ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22. பன்னிரண்டாவது சரிபாதியில், அதாவது 431.8-இல் விழ வேண்டும். விழவில்லை என்றால் எங்கோ பிழை. தவறு நடப்பது கணக்கில் அல்ல, குறிப்பதில். ஒரு ஃப்ரெட்டைக் குறித்து, அதிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அதற்கடுத்ததை அளந்துகொண்டே போவார்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஒரே பக்கமாக விலகினால் 20-ஆவது ஃப்ரெட்டில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளங்கள். டேப்பின் கொக்கி ஆடும், அதை நம்பாதீர்கள். நீளமான ஸ்டீல் ஸ்கேலைப் பலகையோடு கிளாம்ப் போட்டு, அசையாமல் வைத்து, பென்சிலை விட்டுக் கத்தி நுனியால் கீறுங்கள்.

ஃப்ரெட் பள்ளத்தை அறுக்கும் ரம்பமும் முக்கியம். ஃப்ரெட்டின் அடிநாக்குக்குப் பொதுவாக 0.6 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் போதும். வீட்டில் இருக்கும் ரம்பம் அதைவிட அகலமாக அறுக்கும். பிறகு ஃப்ரெட் நிற்காமல் ஆட, பசையை ஊற்றி நிறுத்துவோம், ஒவ்வொரு ஸ்வரமும் மந்தமாக வரும். இன்னொன்று, பள்ளங்களை எல்லாம் அறுத்து முடித்த பிறகுதான் ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் ஃப்ரெட்டுகள் பதியும் பலகை) ஓரங்களைச் சாய்வாகக் குறுக்க வேண்டும். முதலிலேயே குறுக்கிவிட்டால் மூலைமட்டம் வைக்க நேரான ஓரம் இருக்காது. ஃப்ரெட்டுகள் கோணலாகிவிடும்.

பிரிட்ஜ் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 34 அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, எல்லா சேடிலையும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும், முன்னும் பின்னும் நகரும் சிறு துண்டு) அதன் மேல் நிறுத்திவிட்டுத் திருகாணி போடுகிறார்கள். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு சேடிலும் பின்னால் போக வேண்டும், தடித்த ஈ கம்பிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக. ஆகவே மெல்லிய ஜி கம்பியின் சேடிலை முன்பக்கக் கடைசிக்குச் சற்று முன்பு நிறுத்தி, அது 34 அங்குலத்தில் வரும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்றவை பின்னால் போக இடம் கிடைக்கும். துளை போடுவதற்கு முன் இரண்டு ஓரக் கம்பிகளையும் மாட்டி, அவை நெக்கின் இரு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். காய்ந்த தேக்கில் வழித்துளை போடாமல் திருகாணியை முறுக்கினால் பலகை பிளக்கும் அல்லது ஆணித் தலை முறியும். திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

பாடியின் எடையை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 45 மில்லிமீட்டர் பருமனில் முழுத் தேக்கில் செய்தால் கிதாரின் மொத்த எடை 5 கிலோவைத் தொடும். திருவிழாக் கச்சேரியில் மூன்று மணி நேரம் தோளில் தொங்கப் போகிறது. உள்ளே அறைகள் குடைந்து எடையைக் குறைக்கலாம். மேல்பக்கக் கொம்பு அழகுக்காக வைத்தது என்று நினைத்துக் குட்டையாக்கிவிடாதீர்கள். ஸ்ட்ராப் பொத்தான் கிட்டத்தட்ட 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே வந்தால்தான் தலை கீழே சாயாமல் கிதார் நிற்கும்.

சரி, இனி மின்சாரம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

பேஸ் கிதாரில் கம்பிகள் பிரிட்ஜைத் தொடுகின்றன. இரைச்சலைக் குறைக்க பிரிட்ஜிலிருந்து ஒரு ஒயர் கிரவுண்டுக்குப் போகிறது. அது கேபிள் வழியே ஆம்பின் இரும்புப் பெட்டியோடு சேர்கிறது. அதாவது நம் விரல் தொடும் கம்பியும் ஆம்பின் உடலும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆம்பில் கசிவு ஏற்பட்டு, எர்த்தும் இல்லையென்றால், கம்பியில் மின்சாரம் வரும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் பழைய ஒயரிங்கே இருக்கிறது. மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. அதைவிட மோசம், ‘ஹம்’ சத்தம் நிற்பதற்காக எர்த் பின்னையே பிடுங்கிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். நம் மேடைகளில் மைக் ஒரு லைனிலும் ஆம்ப் ஜெனரேட்டர் லைனிலும் ஓடுவது சாதாரணம். எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைப் போடுங்கள்.

ஹம்மை நிறுத்த வேறு வழி இருக்கிறது. பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) பாட்டும் (சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) உட்காரும் குழிகளுக்குள் தாமிர ஃபாயில் ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். சமையலறை அலுமினிய ஃபாயிலில் சாதாரண சால்டரிங் ஈயம் பிடிக்காது. ஃபாயில் ஒட்டிய பின் ஜாக்கின் சிக்னல் முனை அதன் மேல் உரசாமல் பாருங்கள். உரசினால் சத்தமே வராது, ‘பிக்கப் போய்விட்டது’ என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவோம்.

பாட்டின் முதுகில் கிரவுண்ட் ஒயரைப் பற்றவைக்கும்போது சிறிய 25 வாட் சால்டரிங் இரும்பை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால், பற்று சரியாகப் பிடிப்பதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் வெந்துவிடும். முதுகைச் சற்றுத் தேய்த்து, 40 அல்லது 60 வாட் இரும்பால் சட்டென்று முடியுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கே (கிலோஓம்) பாட், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500 கே பாட், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்பது வழக்கம்.

இருக்கிற பேஸை மாற்றுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் செய்ததைக் கேட்டு ஆசைப்பட்டுப் பலரும் இதில் இறங்குகிறார்கள். அவர் பிடுங்கியதோடு நிற்கவில்லை, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை ஃபிங்கர்போர்டில் பூசினார். பூச்சு இல்லாமல் ரவுண்ட்வுண்ட் (வட்ட ஒயர் சுற்றிய, சொரசொரப்பான) கம்பி போட்டால் அது அரம் மாதிரி மரத்தை அரித்துவிடும். பிடுங்கும்போது சால்டரிங் இரும்பால் ஃப்ரெட்டைச் சூடாக்கி மெதுவாக நெம்புங்கள், ஓரம் சிலாம்பு தெறிக்காது. இரண்டாவது, ஆக்டிவ் சர்க்யூட், அதாவது பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் சிறு ஆம்ப். அதற்கு ஸ்டீரியோ ஜாக் வேண்டும். கேபிளைச் செருகும்போதுதான் 9 வோல்ட் பேட்டரி இணையும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவாவிட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

பாலிஷ் அடிப்பதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்கால ஈரக் காற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெள்ளைப் புகை படர்ந்தது போல் பூத்துவிடும். தை பிறக்கும்வரை பொறுங்கள். முன்புறம் மட்டும் பூசி, பின்புறத்தைப் பச்சையாக விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை நெளியும்.

கம்பி மாட்டி ஓரிரு நாள் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் நெக்கைப் பாருங்கள். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி தெரிய வேண்டும். அதற்கும் மிஞ்சி இருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுநாள் மீண்டும் பாருங்கள். என் இரண்டாவது பேஸை வருடத்துக்கு இரண்டு தடவை, சித்திரை வெயில் ஏறும்போதும் ஐப்பசி மழை தொடங்கும்போதும், இப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.