அமெரிக்காவில் வீட்டுப் பிரசவம்: மிட்வைஃப் பில்லுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவது எப்படி

"வீட்டுப் பிரசவத்துக்கு கவரேஜ் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் "உண்டு" என்ற பதில், பின்னால் க்ளெய்ம் போடும்போது உதவாது. மகப்பேறு கவரேஜ் இருக்கும். வீட்டில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபுக்கு (மருத்துவச்சிக்கு) அது செல்லுமா என்பது வேறு கேள்வி.

1. உரிமம் பாருங்கள். நர்ஸ் படிப்போடு வரும் மிட்வைஃபான சிஎன்எம்முக்கு (CNM) எல்லா மாநிலங்களிலும் உரிமம் உண்டு. வீட்டுப் பிரசவம் பார்ப்பவர்களில் பலர் சிபிஎம் (CPM), அதாவது நர்ஸ் படிப்பு இல்லாமலே மிட்வைஃப் சான்றிதழ் பெறக்கூடியவர்கள். சில மாநிலங்களில் அவர்களுக்கு உரிமமே கிடையாது. உரிமம் இல்லாவிட்டால் க்ளெய்ம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

2. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, பில் குறியீட்டோடு போன் செய்யுங்கள். இப்படிக் கேளுங்கள்: "சிபிடி 59400, இடக் குறியீடு 12, மிட்வைஃபின் என்பிஐ எண் இது. கவரேஜ் உண்டா? டிடக்டிபிள் எவ்வளவு பாக்கி? அலவ்டு அமவுண்ட் எவ்வளவு?" 59400 என்பது கர்ப்பகாலப் பரிசோதனை, சுகப்பிரசவம், பேறுகாலத்துக்குப் பிந்தைய கவனிப்பு மூன்றும் சேர்ந்த ஒரே பில். 12 என்றால் வீடு. சிபிடி என்பது சிகிச்சைக்கான பில் குறியீடு, என்பிஐ என்பது மிட்வைஃபின் அடையாள எண். டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, அலவ்டு அமவுண்ட் என்பது அந்தச் சேவைக்கு கம்பெனி ஏற்கும் விலை.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். '60% தருவோம்' என்பது அலவ்டு அமவுண்ட்டில் 60%. உதாரணத்துக்கு, பில் 6,000 டாலர், அலவ்டு 2,500 என்றால், டிடக்டிபிள் முழுக்கக் கட்டியிருந்தாலும் கைக்கு வருவது 1,500 தான். பேசியவர் பெயர், தேதி, கால் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

3. கேப் எக்ஸெப்ஷன் (gap exception) கேளுங்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலான நெட்வொர்க்கில் ஆள் இல்லாதபோது தரும் விலக்கு இது. நெட்வொர்க்குக்கு வெளியே பொதுவாகப் பணம் தராத எச்எம்ஓ (HMO) திட்டம் என்றால் பெரும்பாலும் இதுதான் ஒரே வழி. நெட்வொர்க்கில் வீட்டுப் பிரசவம் பார்ப்பவர் யாருமில்லை என்று காட்டினால், வெளியாளையும் நெட்வொர்க் கணக்கில் சேர்க்கலாம். அவர்கள் தரும் பட்டியலில் ஆஸ்பத்திரியில் மட்டும் வேலை செய்யும் மிட்வைஃப்களும் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் அழைத்து, "வீட்டுக்கு வருவதில்லை" என்ற பதிலைத் தேதியோடு குறித்து அனுப்புங்கள். ஒப்புதல் எழுத்தில் வரட்டும், பிரசவத்துக்கு முன்பே வரட்டும்.

4. பிரசவத்துக்குப் பிறகு க்ளெய்ம். 59400 பிரசவம் முடிந்த பிறகே போகும். மிட்வைஃப் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பது வழக்கம் என்பதால், கையிலிருந்து கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

பலர் மாட்டிக்கொள்வது வலி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது. பிரசவம் பார்த்த டாக்டரும் பில் போடுவார். மிட்வைஃபும் 59400 போட்டால் ஒன்று நிராகரிக்கப்படும். அப்போது மிட்வைஃப் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு மட்டும் போட வேண்டும்: 4 முதல் 6 சந்திப்புக்கு 59425, 7 அல்லது அதற்கு மேல் என்றால் 59426.

5. குழந்தையைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வேலை வழித் திட்டத்தில் பொதுவாகப் பிறந்ததிலிருந்து 30 நாள் கெடு, மார்க்கெட்பிளேஸில் (தனிநபர்கள் இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தை) 60 நாள். ஆஸ்பத்திரிபோல் படிவம் நீட்ட இங்கே ஆள் இல்லை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள். எண்ணைப் பிறகு தர முடியுமா என்று எச்ஆரிடம் கேளுங்கள்.

6. மறுத்தால் அப்பீல். மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம். அதில் உள்ள காரணத்துக்கு மட்டும் பதில் எழுதி, கால் ரெஃபரன்ஸ் எண்ணையும் 3-ஆம் படியில் எடுத்த குறிப்பையும் இணையுங்கள்.