வட்டில் கோளாறு இல்லை, பூட் பகிர்வில் இடம்தான் இல்லை

அப்டேட் முடிந்து மறுபடி இயக்கியதும் என் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கர்னல் பேனிக்கில் நின்றது, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னல் மேலே போக முடியாமல் முடங்கியது. ரூட்டை (சிஸ்டம் கோப்புகள் உள்ள முக்கியப் பகிர்வை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, முடியவில்லையாம். கடைசியில் ‘அன்நோன் பிளாக் (0,0)’. வட்டை வேறொரு மெஷினில் இணைத்து கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்செக் ஓட்டினேன், பிழையே இல்லை. வட்டுக் கன்ட்ரோலர் வகையை மாற்றியதும் வீண். இரண்டு நாள் போயிற்று.

அந்த இரண்டு பூஜ்ஜியங்களைக் கவனித்திருக்க வேண்டும். ரூட் வட்டையே கர்னல் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை இணைக்கத் தேவையான டிரைவர்கள் அடங்கிய, தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்பு) இருக்காது. கன்சோல் சன்னலுக்குள் முதலில் கிளிக் செய்து (இல்லாவிட்டால் விசை உள்ளே போகாது) ஷிஃப்டை அழுத்திப் பிடித்து, கிரப் (கர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்தது. பார்த்தால் கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வு 100% நிரம்பியிருக்கிறது, புதிய கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த கர்னலை விட்டுவிட்டு மற்ற பழைய கர்னல்களை நீக்கி, புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, கிரப்பையும் புதுப்பித்தேன். அப்பாடா, புதிய கர்னலிலேயே ஏறியது.