பெல்ஜியத்தின் போர்க்கால நிவாரண ஸ்டாம்ப்: சேர்க்க ஆரம்பிப்பது எப்படி?

முதல் உலகப்போர் ஸ்டாம்ப்கள் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களிடம் பெல்ஜியத்தின் 1914 செஞ்சிலுவை ஸ்டாம்ப்களில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். மொத்தமே ஆறு ஸ்டாம்ப். ஆனால் போலிகள் கொட்டிக்கிடக்கின்றன, நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன்தான்.

படி 1: தேதிகள்

ஸ்டாம்பைத் தொடுவதற்கு முன் நாலு தேதி தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது 1914 ஆகஸ்ட் 4. அதே மாதம் 20ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் கைவிட்டுப் போனது, அதற்குள் அரசாங்கம் ஆன்ட்வெர்ப்புக்கு இடம் மாறியிருந்தது. அந்த ஊரும் முற்றுகையில் இருக்கும்போதே, அக்டோபர் 3 அன்று, இந்த ஸ்டாம்ப்களை வெளியிட்டார்கள். ஒரே வாரம்தான், 10ஆம் தேதி ஆன்ட்வெர்ப்பும் சரணடைந்தது. ஆக, அக்டோபர் 3க்கு முந்தைய தேதியோடு ஆன்ட்வெர்ப் முத்திரை குத்திய ஒன்றை யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 2: அடையாளம்

இரண்டே படங்கள். ஒன்று மன்னர் ஆல்பர்ட். இன்னொன்று, 1830 விடுதலைப் போராட்டத்தில் உயிர்விட்ட ஃபிரெடெரிக் டி மெரோட் பிரபுவின் நினைவுச் சின்னம். (நாடு பறிபோகிற நேரத்தில் அந்த நாட்டை உண்டாக்கியவர்களில் ஒருவரின் நினைவுச் சின்னத்தை ஸ்டாம்பில் போட்டது யாரோ யோசித்துச் செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.) ஒவ்வொரு படத்திலும் 5, 10, 20 சென்டிம் (பெல்ஜியத்தின் அன்றைய சில்லறைக் காசு) என்று மூன்று மதிப்புகள். விற்றது இரட்டை விலைக்கு: 5 சென்டிம் ஸ்டாம்புக்குப் பத்து கொடுக்க வேண்டும், பாதி தபாலுக்கு, பாதி செஞ்சிலுவைக்கு. கூடுதல் தொகை ஸ்டாம்பில் அச்சாகியிருக்காது, புதியவர்கள் தேடித் தேடிக் குழம்புவது இங்கேதான். பச்சை நிற 5 சென்டிமை லென்ஸில் பாருங்கள், சிலுவை மட்டும் சிவப்பு.

1918இல் வந்தது வேறு. பிரான்சில் லே ஹாவ்ர் பக்கத்தில் தஞ்சம் புகுந்திருந்த அரசாங்கம், 1915இல் வந்த சாதாரண தபால் ஸ்டாம்ப்களின் மேலேயே சிலுவையையும் கூடுதல் தொகையையும் சிவப்பில் அடித்து விற்றது.

படி 3: லேபிளைப் பிரித்துவைத்தல்

ஏலத்தில் 'பெல்ஜியம் நிவாரண ஸ்டாம்ப்' என்று போட்டிருப்பதில் பல ஸ்டாம்பே இல்லை, நன்கொடைக்காக விற்ற லேபிள்கள். அவற்றில் விலை அச்சிட்டிருந்தாலும் அதை மட்டும் ஒட்டினால் கடிதம் போகாது. சேகரிப்பவர்கள் இவற்றைச் சிண்ட்ரெல்லா என்பார்கள். ஜெர்மன் பிடியும் பிரிட்டிஷ் கடல் முற்றுகையும் சேர்ந்து அந்த நாட்டைப் பட்டினியில் தள்ளின. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஒரு நிவாரண ஆணையம் லண்டனை மையமாக வைத்துக் கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பிக்கொண்டிருந்தது. லேபிள்களின் பின்னணி இதுதான். குப்பை என்று ஒதுக்காதீர்கள், தனி ஆல்பம் போடுங்கள். பழைய உறையில் லேபிளும் ஸ்டாம்பும் சேர்ந்திருந்து முத்திரை இரண்டின் மேலும் விழுந்திருந்தால் தயவுசெய்து தண்ணீரில் போட்டுப் பிரிக்காதீர்கள், அந்த உறைக்குத்தான் மதிப்பு.

'Belgien' என்று மேலடித்த ஜெர்மானியா ஸ்டாம்பும் (ஜெர்மனியைப் பெண்ணாக உருவகித்த படம் போட்ட ஜெர்மன் ஸ்டாம்ப்) அதே ஏலக் கட்டுகளில் வரும். அது ஆக்கிரமித்தவர்களுடையது, நிவாரணத்தோடு சேர்க்காதீர்கள்.

படி 4: போலியா?

நான் ஏமாந்தது மெரோட் படத்தில். ஒரு கண்காட்சியில் மூன்றும் பளபளவென்று, விலையும் கைக்கு அடக்கமாக இருக்கவே வாங்கிவிட்டேன், வீட்டுக்கு வந்து பல் அளவியில் (ஓரத் துளைகளை அளக்கும் அட்டை) வைத்தால் துளைகள் எங்கேயும் பொருந்தவில்லை. அசலில் 2 செ.மீ.க்கு 14 துளை இருக்க வேண்டும். பல் சரியாக இருந்தாலே அசல் என்றும் ஆகிவிடாது. அதனால் மெரோட் வாங்கினால் நிபுணர் சான்றிதழோடு மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 5: முதலில் எதை வாங்குவது

ஆல்பர்ட் படம் போட்ட 10 சென்டிம். விலை குறைவு, தப்பு நடந்தாலும் பெரிய நஷ்டமில்லை. அப்புறம் 1918இன் சிறிய மதிப்புகள். எடுப்பது இடுக்கியால், விரலால் அல்ல. பசையோடு இருக்கும் புதிய ஸ்டாம்பில் ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டவைக்கும் சின்னப் பசைத் தாள்) ஒட்டாமல், ஸ்டாம்புக்கான கண்ணாடிக் கவரில் சொருகுங்கள்.