பத்துக்குப் பத்து லைன் வீட்டுல ஒருத்தருக்குத் தொற்று வந்தா என்ன பண்றது

தனி ரூம்ல இருங்க, தனி பாத்ரூம் யூஸ் பண்ணுங்கன்னு கொரோனா டைம்ல சொன்னதெல்லாம் மாடி வீட்டுக்காரங்களுக்குத்தான் சரி. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்கள்ல (2021 ஆகஸ்ட்ல இருந்து மறுவாழ்வு முகாம்னு பேரு) பழைய லைன் வீடுன்னா (வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின சின்ன வீடு) ஒரே ரூம்லதான் மொத்தக் குடும்பமும், நடுவுல ஒரு சேலைதான் தடுப்பு. அங்க ரூமைப் பிரிக்க முடியாது, அதனால காத்தையும் நேரத்தையும் பிரிக்கறதுதான் வழி.

முதல்ல காத்து. இருமல் காய்ச்சல் இருக்கறவரை ஜன்னல் ஓரமா படுக்க வைங்க, டேபிள் ஃபேனை அவர் மேல திருப்பாம ஜன்னலைப் பாத்து வெளிய தள்ற மாதிரி வைங்க, மழை இல்லன்னா திண்ணையில தார்ப்பாய் கட்டி அங்கயே படுக்கறது இன்னும் நல்லது. லைன்ல நாலஞ்சு வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்டா தொற்று இருக்கறவங்க எல்லாரும் ஒரு வீடு, மத்தவங்க அடுத்த வீடுன்னு மாத்திக்கலாம், ஆனா இதை வாலண்டியரோ ஆபீசரோ முடிவு பண்ணக்கூடாது, பொம்பளைங்க தனியா இருக்கற வீட்டுக்கு உள் தாழ்ப்பாளும் லைட்டும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கணும்.

குழாயடியும் டாய்லெட்டும் நேரக் கணக்கு. நோயாளி கடைசியா போகட்டும், மாஸ்க்கோட, அப்புறம் கதவை அரைமணி நேரம் திறந்து போடுங்க. தெரு பூரா பிளீச்சிங் பவுடர் தூவறதுல பெருசா பிரயோஜனம் இல்ல, பாக்க நல்லா இருக்கும் அவ்வளவுதான். டாய்லெட்ல பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் சேத்து மட்டும் ஊத்தாதீங்க, விஷ வாயு வரும்.

லைனுக்கு ஒரு ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவைப் பாக்கற கருவி) போதும். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு, மருதாணி இல்லாத விரல்ல பாருங்க. 94க்குக் கீழ போனா, மூச்சு வாங்கினா, பேச்சு குழறினா உடனே 108. நெபுலைசர், கஷாயம்னு ராத்திரியை ஓட்டாதீங்க. சுகர், பிரஷர் மாத்திரை நிக்காம பாத்துக்கங்க, வீடு தேடி மாத்திரை குடுக்கற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதே கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் (2021 ஆகஸ்ட் 5), அது முகாமுக்கு வரலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) போய்க் கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா கொரோனா டெஸ்ட்டோட விடாதீங்க, சளியை டிபிக்கும் பாக்கணும், அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

இதெல்லாம் விட முக்கியமானது சோறு. பெயிண்டிங் வேலைக்குப் போறவர் காய்ச்சலை மறைக்கறது திமிர்ல இல்ல, ஒருநாள் கூலி போனா அடுப்பு எரியாது, கூடவே முகாம்ல ஆள் கணக்கு எடுக்கற செக்கிங் அன்னைக்கு ஆள் இல்லன்னா பணக்கொடை (அரசு மாசாமாசம் குடுக்கற உதவித்தொகை) நின்னுடுமோன்னு பயம். அதனால ஆளைத் தனியா வைக்கறதுக்கு முன்னாடியே ஆர்ஐக்கு (வருவாய் ஆய்வாளர்) ஃபோன் போட்டு சொல்லிடுங்க, முடிஞ்சா முகாம் தலைவர் மூலமா எழுத்துல, அப்புறம் லைன்காரங்க சேந்து அரிசி, பருப்பு, கேஸுக்கு ஏற்பாடு பண்ணுங்க. இது முடிஞ்சாதான் யாரும் உண்மையைச் சொல்லுவாங்க.

சண்டையில தப்பி வந்த அம்மம்மாக்கள் இருக்கற இடத்துல திடீர்னு கேட்டைப் பூட்டி போலீசை நிறுத்தாதீங்க, பழசெல்லாம் கிளம்பிடும். யார் வருவாங்க, எத்தன நாள், எந்த ஆஸ்பத்திரின்னு முந்தின நாளே வீடு வீடா போய் சொல்லணும். தூக்கமே வராம, பேசாம உக்காந்திருக்கறவங்களுக்கு 104லயோ (அரசு மருத்துவ உதவி எண்) 14416லயோ (அரசு மனநல உதவி எண்) தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, ஃபோன் இல்லாதவங்களுக்கு உங்க ஃபோனைக் குடுத்துட்டு கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க.