ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்தால் வெள்ளி ஆகிவிடாது

இங்கிலாந்தில், மக்கள் பழைய சாமான்களைக் காரின் டிக்கியில் கொண்டுவந்து விற்கும் கார் பூட் சந்தைகளில் பழைய கரண்டி, கத்தி, தேநீர் செட் தேடி அலையும் கூட்டத்தில் நானும் ஒருவன். தெரிந்த பையன்கள் சிலரும் அண்மைக்காலமாகச் சேர்ந்திருக்கிறார்கள், நான் ஏமாந்த அதே இடங்களில் வரிசையாக ஏமாறுகிறார்கள். பேரம் பேசத் தெரியாதது, நெளிந்ததைக் கவனிக்காமல் வாங்குவது போன்றவை நாளடைவில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஊர்ப்பெயரைப் பார்த்து உலோகத்தை முடிவு செய்வது

போன கோடையில் ஒரு தம்பி போட்டோ அனுப்பினான். டீ பாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 180 பவுண்டு. “அண்ணே, அடியில ஷெஃபீல்ட்னு இருக்கு, பக்கத்துல குட்டியா நாலு முத்திரை வேற, வெள்ளிதானே?” ஷெஃபீல்ட் என்பது கத்திக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பேர்போன இங்கிலாந்து ஊர். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த நாலு முத்திரையும் கேடயம் போன்ற கட்டங்களுக்குள் வளைத்து வளைத்து எழுதிய இ, பி, என், எஸ் என்ற நாலு எழுத்துகள். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம். நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே அதேதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, பெயரைத் தவிர வேறெங்கும் வெள்ளி இல்லை. அதன் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். 25 பவுண்டு கொடுத்திருக்கலாம், அதுவும் டீ பாட் ஒழுகாமல் இருந்தால்.

எனக்கு எரிச்சல் அவன் மேல் இல்லை. விற்றவர் அட்டையில் ‘ஷெஃபீல்ட் சில்வர்’ என்று எழுதி வைத்திருந்தாராம். கேட்டால், ஷெஃபீல்டில் செய்தது உண்மைதானே, வெள்ளி மாதிரிதானே இருக்கிறது என்பார்கள். இந்த ஒரு பெயருக்குள் விலையில் மலைக்கும் மடுவுக்குமான மூன்று சரக்கு ஒளிந்திருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

முதலாவது, உண்மையான ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. ஷெஃபீல்டில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் 1773-இல் வந்தது. பழைய பொருளில் நடந்துபோகும் சிங்கம் இருக்க வேண்டும், கூடவே அந்த ஊருக்கான கிரீடம் இருக்க வேண்டும் (1975 முதல் கிரீடத்துக்குப் பதில் ரோஜா). சிங்கத்தைக் காணோம் என்றால் ஊர்ப்பெயர் எத்தனை அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது, பழைய ஷெஃபீல்ட் பிளேட். 1740-களில் தாமஸ் போல்சோவர் என்ற கத்திக்காரர், செம்பையும் வெள்ளியையும் சேர்த்துச் சூடாக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு உருளையில் கொடுத்தால் ஒரே தகடாகவே விரியும் என்று கண்டுபிடித்தார். முதலில் பித்தான்கள், அப்புறம் மெழுகுவர்த்தித் தண்டு, தட்டு, டீ பாட் என்று நூறாண்டு ஓடியது. இதில் வெள்ளி குறைவு, ஆனால் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

மூன்றாவது, தம்பி வாங்கிய மின்முலாம். 1840-இல் எல்கிங்டன் குடும்பத்தார் அதற்குக் காப்புரிமை எடுத்தார்கள், அதுவும் பர்மிங்ஹாமில். கொஞ்ச காலத்திலேயே பழைய ஷெஃபீல்ட் பிளேட் தொழில் படுத்துவிட்டது, ஷெஃபீல்டுக்காரர்களும் மின்முலாத்துக்கே மாறினார்கள். இன்று சந்தையில் ‘ஷெஃபீல்ட்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான்.

பழைய ஷெஃபீல்ட் பிளேட்டையும் மின்முலாத்தையும் பிரித்தறிய, தேய்ந்த இடத்தில் செம்பு தெரிகிறதா என்று பார் என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். செம்பின் மேல் மின்முலாம் பூசிய பொருளும் தேய்ந்தால் அப்படியேதான் சிவக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: பழைய ஷெஃபீல்ட் பிளேட்டில், வெட்டிய ஓரத்தில் செம்பு தெரியக்கூடாது என்று வெள்ளியை மடித்தோ, வெள்ளிக் கம்பி வைத்தோ மூடியிருப்பார்கள், அந்த மேடு நகத்தில் தட்டுப்படும். டீ பாட் என்றால் தகட்டைச் சுருட்டி இணைத்த தையல் எங்காவது இருக்கும், வாயால் ஊதி ஆவி படியவிட்டால் கோடாகத் தெரியும். மின்முலாத்தில் பொருள் முழுவதையும் தொட்டியில் முக்கி எடுப்பதால் தையலின் மேலும் வெள்ளி ஏறி அதை மறைத்துவிடும். இன்னொன்று, ‘ஷெஃபீல்ட் பிளேட் ஸ்பூன்’ என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள், அந்த முறையில் ஸ்பூன், ஃபோர்க் செய்தது மிக அரிது.

‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தும் விக்டோரியா காலம் என்று நம்புவது

ஹாரி பிரியர்லி அந்தத் துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் உருக்கியது 1913-இல். விக்டோரியா 1901-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெயர் இருந்தால் அங்கேதான் செய்தது என்பது

கத்திக்கு இந்த ஊர்ப்பெயர் அத்தனை மதிப்பு. 1624-இல் இருந்தே கத்தித் தொழிலாளர் சங்கம் அதைக் காத்து வருகிறது. அப்படியும் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மட்டமான கத்திகளில் ‘ஷெஃபீல்ட்’ என்று பொறித்துத் தள்ளினார்கள். 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்தக் கூத்தும் ஒரு காரணம். ஆகவே அதற்கு முந்தைய கத்தி என்றால் ஊர்ப்பெயரோடு விடாமல், செய்தவர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

கதிர்க்கட்டு வயல் என்று கதை சொல்வது

ஷீஃப் என்றால் ஆங்கிலத்தில் கதிர்க்கட்டு, ஃபீல்ட் என்றால் வயல், நகரச் சின்னத்திலும் மூன்று கதிர்க்கட்டுகள் இருக்கின்றன, ஆகையால் விற்பவர்களே இதை நம்பிச் சொல்வார்கள். உண்மையில் ஷீஃப் அங்கே ஓடும் ஆற்றின் பெயர், எல்லை பிரிப்பது என்ற பொருளுள்ள பழஞ்சொல்லில் இருந்து வந்தது. அந்த ஆற்றங்கரை வெளிதான் ஷெஃபீல்ட். இதில் காசு நஷ்டம் இல்லை, கேட்டுக்கொண்டு சிரிக்கலாம்.

பழைய ஷெஃபீல்ட் பிளேட்டுக்குப் புது முலாம் பூசுவது

பூசாதீர்கள். பாதி விலை அங்கேயே போய்விடும்.