கருணை மனுவில் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

உரிமம் இல்லாத துப்பாக்கியோ தடைசெய்யப்பட்ட கத்தியோ கையில் இருந்தது, யாருக்கும் காயமில்லை. இருந்தாலும் இருபது வயதுப் பையன்மேல் ஒரு தண்டனை பதிவாகிவிட்டது. உடனே வீட்டில் யாராவது கருணை மனு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அந்த அவசரம்தான் முதல் தவறு.

மேல்முறையீட்டுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கருணை மனு போட்டாயிற்று என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டால் இரண்டும் இல்லாமல் போகலாம். அவசரப்பட்டாலும் உடனே கேட்க முடியாத இடமும் உண்டு: அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டப்படியான குற்றத்துக்கு அதிபரின் மன்னிப்பு கேட்க, விடுதலையாகி 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. சிறைத்தண்டனையே இல்லையென்றால் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு.

அப்புறம், மன்னிப்பு தேவைதானா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் 18 வயதுக்குள் செய்த குற்றம் என்றால், சிறார் நீதிச் சட்டம் 2015, 24ஆம் பிரிவின்படி அதனால் தகுதியிழப்பு (தண்டனையைக் காரணம் காட்டி வேலை போன்றவற்றுக்குத் தகுதியற்றவர் ஆக்குவது) பொதுவாக வராது. நன்னடத்தைச் சட்டம் 1958இன் 3 அல்லது 4ஆம் பிரிவில், அதாவது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தை உறுதி வாங்கியோ, விடுவிக்கப்பட்டவருக்கு 12ஆம் பிரிவும் அதே பாதுகாப்பைத் தருகிறது. இருக்கிற பாதுகாப்பை மனு போட்டுக் கேட்பானேன்?

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. அமெரிக்க அதிபரால் மாநிலச் சட்டக் குற்றங்களை மன்னிக்க முடியாது; அந்தந்த மாநிலத்தின் ஆளுநரையோ மன்னிப்பு வாரியத்தையோதான் அணுக வேண்டும். எந்தச் சட்டத்தில் தண்டனை என்று தீர்ப்பு நகலில் பார்த்துவிட்டு விலாசம் எழுதுங்கள்.

இனி மனுவின் உள்ளடக்கம். "எங்கள் பிள்ளை ஒன்றும் அறியாதவன், சிநேகிதர்கள்தான் மாட்டிவிட்டார்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய முதல் இடம் மேல்முறையீடு. குடியரசுத் தலைவர் சாட்சியங்களையும் பரிசீலிக்கலாம் என்று 1988இல், இந்திரா காந்தி கொலைக்காக மரண தண்டனை பெற்ற கேஹர் சிங்கின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது வாஸ்தவம்தான். அதை நம்பி மனு முழுவதையும் நிரபராதி வாதமாக்குவது என் கணிப்பில் வீண். அமெரிக்க நடைமுறையில் பொறுப்பேற்பும் வருத்தமும் எடைபோடப்படுகின்றன. குற்றமே செய்யவில்லை என்பவர்மீது பெரும் நிரூபணச் சுமை விழும். ஆயுதம் எப்படிக் கைக்கு வந்தது, ஏன் வைத்திருந்தான், இப்போது என்ன செய்கிறான் என்று அவனே தன் சொற்களில் எழுதட்டும். வக்கீல் நடை வேண்டாம்.

பழைய வழக்கை மறைப்பது இன்னும் மோசம். மனு வந்தபின் விசாரிப்பார்கள், அகப்பட்டுவிடும். பரிந்துரைக் கடிதங்களில் ஒரே வாசகம் பத்துக் கையெழுத்தோடு வந்தால் மதிப்பில்லை. குற்றம் என்னவென்று தெரிந்தே எழுதும் ஆசிரியரோ முதலாளியோ ஒருவர் போதும்.

மன்னிப்பு கிடைத்தபிறகும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. அமெரிக்க அதிபரின் மன்னிப்பு, பதிவேட்டிலிருந்து தண்டனையை அழிப்பதில்லை. "தண்டனை பெற்றதுண்டா" என்று வேலைக்கான படிவத்தில் கேட்டிருந்தால், ஆம் என்றுதான் எழுத வேண்டும்; மன்னிப்பு கிடைத்ததையும் கூடவே குறிப்பிடலாம்.