ஸஜ்தாவில் சரியாத மக்கனாவை வீட்டிலேயே தைக்கலாம்

உம்மா வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டி, தொழ நின்றால் தலையிலிருந்து உடம்பை மூடும் வெள்ளை மக்கனா. அந்த மக்கனா பரங்கிப்பேட்டை வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. அதை அளந்து பார்த்துத்தான் நான் தைக்கப் பழகினேன். அதற்கு முன் வைத்திருந்தது கடையில் வாங்கியது, வழுவழுப்புத் துணி. ஒவ்வொரு ஸஜ்தாவிலும், அதாவது நெற்றி தரையில் பட வணங்கும்போதெல்லாம், நெற்றிக்கு இறங்கிவிடும். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) நெற்றிக்கும் தொழும் இடத்துக்கும் நடுவே உடுத்திய துணி வரக்கூடாது. ஓதும்போதும் என் கவனமெல்லாம் துணியிலேயே இருக்கும்.

முதலில் துணி. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கேம்பிரிக் அல்லது பாப்ளின், 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் வாங்குங்கள். கடையிலேயே ஒற்றையாக உள்ளங்கை மேல் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் நிறம் தெரிந்தால் அது வேண்டாம். வெள்ளைதான் அதிகம் ஏமாற்றும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

நீளத்தின் இரு முனைகளையும் சேர்த்து மடியுங்கள். மடிப்பும் கரையும் சேரும் மூலையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி, துணியின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வளைவாகக் கோடு போட்டு வெட்டினால், விரிக்கும்போது அரைவட்டம் கிடைக்கும்.

அடுத்தது முகம். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடைக்கு அடியில் கொண்டுபோய்ச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். எனக்கு 23 அங்குலம். நேர் ஓரத்தின் நடுவில் அந்த அளவை விட்டுவிட்டு, மீதி இருபுறத்தையும் சேர்த்துக் கீழ்வரை தைத்துவிடுங்கள். தலை நுழைகிறதா என்று ஊசி குத்தி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தைப்பது நல்லது. வளைவு ஓரத்தைக் கால் அங்குலத்துக்கு மேல் மடிக்காதீர்கள், சுருக்கம் விழும்.

முகத்துக்கு எலாஸ்டிக் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் மனமில்லை. நெற்றியில் தடம் பதியும், கொஞ்ச நாளில் தொளதொளத்தும் போகும். நெற்றிப்பொட்டுக்கு நேரே உட்புறம் இரண்டு நாடா வைத்துப் பிடரியில் கட்டுங்கள். எத்தனை ரக்அத் தொழுதாலும் அசையாது. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முழுக்க நான் ஒருமுறைகூட இழுத்துவிட்டதில்லை.

சரி, கண்ணாடி முன் நின்று தக்பீருக்குக் கை தூக்குங்கள், ருகூவுக்குக் குனியுங்கள். ஸஜ்தாவில் உள்ளங்கையோடு முன்கையும் வெளியே தெரியும், அதனால் உள்ளே முழுக்கைச் சட்டை வேண்டும். பாதமும் மறைய வேண்டுமென்பதால் பாவாடையைத் தரை தொடும் நீளத்துக்குத் தையுங்கள், அல்லது காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டியதில் இரண்டு மூலைத் துண்டுகள் மிஞ்சும். இரண்டையும் சேர்த்து நாடா கோத்தால், மக்கனாவை மடித்து வெளியூர் கொண்டுபோக ஒரு சின்னப் பை ஆகிவிடும்.